சட்டி சிவந்த முகூர்த்தம்

“நான் எங்கக்கா சிகரெட் பிடிக்கறேன்? குழல்ல காய்ச்சறேன். பிடிக்கறது வேற, காய்ச்சறது வேற.”

காதில் செருகியிருந்த குமிழுக்குள் தம்பி நிரஞ்சன் சிரிப்பது வான்மதிக்குக் கேட்டது. அவளுக்குக் கையில் உறை, மூக்கில் வலை, தலையில் நீலத் தொப்பி. எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் பன்னிரண்டு சட்டிகள். வேலை நேரத்தில் போன் பேசக் கூடாது என்று சுவரில் மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். மூன்று மொழியையும் யாரும் மதிப்பதில்லை.

“என்னவோ பண்ணு. நாளன்னைக்கு நிச்சயத்துல உப்புச் சர்க்கரை மாத்தறப்ப சபையில வெச்சு அந்தக் குழலை எடுத்துராத. பெரியவங்க இருப்பாங்க.”

“எந்தப் பெரியவங்க? நேத்ராவோட சித்தப்பாவே காய்ச்சறாரு. அறுவது வயசு. போன மாசந்தான் சிகரெட்டை விட்டுட்டு இதுக்கு மாறுனாரு. ‘மாப்ள, இத்தன வருஷத்தை வீணாக்கிட்டேனே’ன்னு என்கிட்ட அழுகாத குறை.”

“அவரு ஒருத்தரு போதும், உனக்குச் சாட்சி சொல்ல.”

“இதக் கேளு. நேத்து நேத்ராவோட அத்தை என்னையத் தனியாக் கூப்பிட்டு, ‘ஏனுங் மாப்ள, ஜாதகம் பாத்தாச்சு, சரி. அதென்னங்க இப்பெல்லாம் சட்டி பாக்கறது?’ங்கறாங்க. நான் சொன்னேன். ‘அத்தை, குழல் வாங்கற அன்னைக்கே கன்னத்துக்குள்ள ஒரு குச்சிய விட்டு ரெண்டு வழி வழிச்சுக்குவாங்க. அதை வெச்சு நம்ம நுரையீரல்ல ஒரு துண்டைச் சட்டியில வளத்துருவாங்க. நான் இங்க ஒரு இழுப்பு இழுத்தா அது அங்க அஞ்சு இழுப்பு இழுக்கும். எனக்கு அஞ்சு வருஷங்கழிச்சு வரப்போறது அதுக்கு ஒரே வருஷத்துல வந்துரும். அது நல்லா இருந்தா என் போன்ல பச்சை. கெட்டுப்போனாச் சிவப்பு. பச்சையா இருக்கற வரைக்கும் நமக்கென்ன பயம்?’னேன்.”

“அதுக்கு அவங்க?”

“‘அப்ப நோவெல்லாம் அதுக்குத்தான், உங்களுக்கு இல்லீங்களா?’ன்னாங்க. ஆமாங்கத்தைன்னுட்டேன்.”

வான்மதிக்கும் சிரிப்பு வந்தது. கம்பெனிக்காரர்கள் அந்தத் துண்டுக்கு முன்னோடி என்று அழகாகப் பேர் வைத்திருந்தார்கள். நமக்கு முன்னே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுமாம். கோவைக்கு வெளியே இந்த மூன்றாம் தளத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அது வெறும் சட்டிதான். கையகலக் கண்ணாடிச் சட்டி, உள்ளே ரோஜா இதழ் கனத்தில் ஒரு சதைப் படலம், பக்கத்தில் மூச்சு விடுவதற்கு ஒரு சின்னத் துருத்தி. மேலே எண் இருக்கும், பேர் இருக்காது. யாருடையது என்று பார்க்கவும் முடியாது.

சட்டி சிவந்தால் பூஞ்சை பிடித்துவிட்டது என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பழைய படலத்தை வழித்தெடுத்துவிட்டு, உறைபெட்டியில் இருக்கும் அதே ஆளின் ஆரம்ப நாள் செல்லை எடுத்து மறுநடவு செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு இருபது நிமிஷம் ஆகிற வேலை வான்மதிக்குப் பதினொரு நிமிஷம். அவளுடைய போட்டோவை லிப்டுக்குள் மாட்டி ‘விரைவுக் கை’ என்று கீழே எழுதியிருந்தார்கள். அம்மா கலாமணி அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஊரெல்லாம் காட்டியாயிற்று.

அன்றைக்கு நாற்பத்தொன்றாம் சட்டி சிவந்திருந்தது. அடுப்புத் துடைத்த துணி மாதிரி படலம் கறுத்துச் சுருங்கிக் கிடந்தது. வான்மதி வழிகரண்டியைக் கையில் எடுத்தாள்.

“இரு, ஒருக்கா இழுத்துக்கறேன்,” என்றான் நிரஞ்சன். காதில் அவன் மூச்சு கேட்டது. இரண்டு சின்ன இழுப்பு. ஒரு நிறுத்தம். பிறகு நீளமாக ஒன்று.

அவள் கையருகே நாற்பத்தொன்றின் துருத்தி அசைந்தது. இரண்டு சின்னது, ஒரு நிறுத்தம், நீளமாக ஒன்று. அதே மாதிரி ஐந்து தடவை.

வான்மதி கரண்டியைக் கீழே வைத்தாள்.

இளைப்போடு பிறந்த பிள்ளை நிரஞ்சன். ஆறு வயதில் மூச்சு முட்டி நீலம் பாரித்துப் போனபோது டாக்டர் ஓர் இழுப்புப் பழக்கிவிட்டார். சின்னதாக இரண்டு இழு, நாலு எண்ணும்வரை நிறுத்து, பிறகு நீளமாக இழு. பக்கத்தில் உட்கார்ந்து நாலு எண்ணினவள் பன்னிரண்டு வயது வான்மதி. அந்தத் தாளத்தில் மூச்சிழுக்கிற இன்னோர் ஆளை அவள் பார்த்ததில்லை.

“நிரஞ்சா, இன்னொருக்கா இழு.”

“ஏன்?”

“இழுடா சும்மா.”

இழுத்தான். துருத்தி அசைந்தது.

“இப்ப நிறுத்து. நான் சொல்றப்ப இழு.”

“என்னக்கா, டாக்டர் விளையாட்டா?”

பேசாமல் நின்றாள். துருத்தியும் பேசாமல் நின்றது. பக்கத்துச் சட்டிகளெல்லாம் தம்பாட்டுக்குப் புகைத்துக்கொண்டிருந்தன. இருபது எண்ணினாள். முப்பது எண்ணினாள்.

“இழு.”

நாற்பத்தொன்று அசைந்தது.

“உன் போன்ல என்ன கலர் காட்டுது?”

“பச்சைதான். பச்சைப் பசேல்னு இருக்குது. ஏன், அங்க மழையா, குரல் ஒரு மாதிரி இருக்குது?”

“அப்பறம் பேசறேன்,” என்று வைத்துவிட்டாள்.

அடுத்த மேசையில் பெனிட்டா. தூத்துக்குடிக்காரி, இரண்டு பிள்ளைகளின் தாய், எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். வான்மதியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

“என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி நிக்க?”

“இது என் தம்பியோட சட்டி பெனிட்டா.”

“எப்படித் தெரியும்?”

சொன்னாள். பெனிட்டா ஆச்சரியப்படவில்லை. அதுதான் வான்மதிக்கு முதலில் உறைத்தது.

“பூஞ்சைதான? மறுநட்டாச் சரியாயிரும்ல?” என்று கேட்டாள். கேட்கும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

“பூஞ்சை பிடிச்சா நாறும் தாயி. நாலு வருசமா மாத்துதியே, ஒரு சட்டியாவது நாறிச்சா?”

“மூக்குல வலை கட்டியிருக்கறோமே.”

“ஒனக்கு மூக்குல மட்டுமா வலை?”

வான்மதி மூக்கு வலையைத் தொட்டுப் பார்த்தாள்.

“நான் வந்த ரெண்டாம் மாசமே கண்டுக்கிட்டேன்,” என்றாள் பெனிட்டா. “பூஞ்சையும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது. வெந்து போச்சு, அவ்வளவுதான். நாம புதுசு வச்சுட்டா அங்கன அவனுக்குப் பச்சை. நீ கேப்பன்னு நெனச்சேன். நீ என்னடான்னா பதினோரு நிமிசத்துல மாத்தி போட்டோவுல சிரிச்சுக்கிட்டு நிக்க.”

“நீ சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா எனக்கு யாருட்டி சோறு போடுவா?”

சட்டியின் பழைய கதையைத் திரையில் தட்டிப் பார்த்தாள் வான்மதி. ஏழு மாதத்துக்கு ஒரு தடவை சிவந்திருந்தது. ஐந்து தடவை மறுநடவு. ஐந்துக்கும் நேரே ‘வா.ம.’ என்று அவள் கைக்குறி. இது ஆறாவது.

“ஏழு மாசத்துல இது வெந்துச்சுன்னா,” என்று விரல் விட்டு எண்ணினாள், “அவனுக்கு முப்பத்தஞ்சு மாசத்துல…”

“அவன் காய்ச்ச ஆரம்பிச்சு எத்தன மாசம்?”

“நாப்பத்திரண்டு.”

பெனிட்டா திரையைப் பக்கத்தில் இழுத்துத் தேதிகளைப் பார்த்தாள். பிறகு, “இளைப்பு உள்ளவனுக்குத் தாங்காதுட்டி,” என்றாள். “மத்தவனுக்கு ஒரு சட்டி ஒம்பது பத்து மாசம் ஓடும். இது அவனுக்கு முன்னாடி போற சட்டி இல்ல. அவன் இதைத் தாண்டிப் போய்ட்டான்.”

ரகுபதி சார் தளத்தின் மேலாளர். உட்காரச் சொல்லி, டீ சொல்லி, வான்மதி பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர்.

“நீங்க எங்களை ஏமாத்துக்காரங்கன்னு நினைக்கறீங்க,” என்றார். “நாங்க கேட்டுட்டுத்தாங்க செய்யறோம். பதினெட்டுல இருந்து இருபத்தஞ்சு வயசு வரைக்கும் ஒன்பதாயிரம் பேர்கிட்டக் கேட்டோம். ‘உங்க முன்னோடி சிவந்தா என்ன செய்வீங்க?’ன்னு. நிறுத்திருவேன்னு சொன்னவங்க எத்தனை பேரு, சொல்லுங்க பாப்போம்.”

“பாதிப் பேரு இருப்பாங்களா?”

“நூத்துக்கு நாலு. ‘என்கிட்டச் சொல்ல வேண்டாம், நீங்களே மாத்திருங்க’ன்னு சொன்னவங்க எழுவத்தொண்ணு. மிச்சப் பேரு, ‘சிவக்காத சட்டியாக் கண்டுபிடிக்க மாட்டீங்களா?’ன்னு எங்களைத் திட்டுனாங்க.”

“அவங்க சின்னப் பசங்க சார்.”

“ஓட்டுப் போடறாங்க. வீடு வாங்கறாங்க. கல்யாணம் பண்ணிக்கறாங்க. இதுக்கு மட்டும் சின்னப் பசங்களா?”

“என் தம்பி என்னன்னு சொன்னானுங்க சார்?”

“தெரியாதுங்க. கேள்வி கேக்கறப்ப நாங்க பேரு வாங்கறதில்லை. அந்த விஷயத்துல நாங்க ரொம்ப நேர்மை.”

வான்மதி நாற்காலி நுனிக்கு வந்தாள். “நான் அந்தச் சட்டியை மாத்த மாட்டேன் சார். வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் சரி.”

“மாத்தாதீங்க.”

அவள் அதை எதிர்பார்க்கவில்லை.

“ரெண்டு நாள் யாரும் தொடாம விட்டா, மூணாம் நாள் காலைல தானா அவரு போன்ல சிவப்பு வந்துரும். வரட்டும். வேற யாரும் அதைத் தொடாம நான் பாத்துக்கறேன். உங்களை எதுக்குங்க நான் அனுப்பறேன்? உங்க கை மாதிரி ஒரு கை எனக்குக் கிடைக்குமா?”

“சிவந்தது வெளிய தெரிஞ்சா உங்களுக்குப் பயமில்லீங்களா?”

“எதுக்குங்க?” என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குரூரம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கூடம் முழுக்கத் தாம்பாளங்கள். கலாமணி தரையில் உட்கார்ந்து, உப்பை ஒரு பக்கமும் சர்க்கரையை ஒரு பக்கமுமாகப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். நிரஞ்சன் சோபாவில் சாய்ந்து, புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலிடுக்கில் குழல். பேனா அளவுக்கு, வெள்ளி நிறத்தில், நுனியில் ஒரு துளி வெளிச்சம்.

வான்மதி செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

சொல்லி முடித்ததும் நிரஞ்சன் முதலில் செய்தது, போனை எடுத்துப் பார்த்தது. “பச்சை,” என்றான்.

“அது நான் வெச்ச பச்சைடா. அஞ்சு தடவை நான் வெச்சேன்.”

“உன் கண்ணுல சிவப்பு, என் போன்ல பச்சை. எதைக்கா நம்பறது?”

“என்னைய நம்பு.”

“நீதான எண்ணுக்குப் பேரே தெரியாதுன்ன? ரெண்டு இழுப்பு ஒத்துப்போச்சுன்னு என் சட்டி ஆயிருமா?”

“ஆசுபத்திரிக்கு வா. ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாம். நாளைக்கே.”

“எதுக்கு? எனக்கு என்ன பண்ணுது? மூணு மாடி ஏறறேன். ஒரு இருமல் உண்டா? இங்க வா, சட்டைய மோந்து பாரு. அப்பா சட்டையில அடிச்ச வாசம் அடிக்குதா? அவரு பக்கத்துல உக்காந்தாலே எனக்குக் குமட்டும். நான் அந்த ஆளு இல்லக்கா. புகை இல்ல, சாம்பல் இல்ல, அடுத்தவனுக்குத் தொந்தரவில்ல. ஆபீஸ்ல சிகரெட் பிடிக்கறவன் ஒருத்தன் இருக்கான், அவன்கூட யாரும் சாப்பிட உக்கார மாட்டோம்.”

“அப்பாவுக்கு அம்பத்திரண்டு வயசுல ஆக்சிஜன் வெச்சாங்க. உனக்கு இப்ப இருபத்திமூணு.”

“நல்ல நாள் அதுவுமா என்ன பேச்சு இது?” என்று கலாமணி குறுக்கே வந்தாள். “ஏங்கண்ணு வான்மதி, எல்லாரோட சட்டியையும்தான மாத்தறீங்க?”

“ஆமா.”

“அப்ப இவனுக்கு மட்டும் எதுக்குச் சிவக்க விடறே? நாளன்னைக்குத் தாம்பாளத்துல ரெண்டு பேரு போனையும் வெப்பாங்க. பொண்ணோடது பச்சையா இருக்கும், இவனோடது சிவந்திருக்கும். நாலு பேரு பாப்பாங்க. நீயா அவனுக்கு அக்கா?”

“அம்மா, அவனுக்கு உள்ள வெந்துட்டு இருக்குது.”

“கல்யாணம் முடியட்டும். பொறுமையாப் பாத்துக்கலாம். இத்தன நாள் இருந்தவனுக்கு இன்னும் ரெண்டு மாசத்துல என்ன வந்துரும்? நாளைக்குப் போயி ஒருக்கா மாத்தி வெச்சுரு சாமி. உனக்குப் பதினோரு நிமிஷ வேலைதான?”

வான்மதி அம்மாவையே பார்த்தாள். கலாமணி அடுத்த பொட்டலத்துக்கு நூல் சுற்றினாள்.

“நிரஞ்சா,” என்றாள் வான்மதி, “நீ நிறுத்திரு. நான் வேற எதுவும் கேக்கல.”

“நிறுத்திட்டு? நேத்ராவும் நானும் பழகுனதே ஆபீஸ் மொட்டை மாடில காய்ச்சற எடத்துலதான். எங்க செட்டுல எல்லாரும் அங்கதான் இருப்பாங்க. வேலை மாறுறதுல இருந்து வீடு பாக்கறது வரைக்கும் அங்கதான் பேசுவோம். நான் மட்டும் கீழ உக்காந்து நெலக்கடலை திங்கட்டுமா?”

“தின்னு. செத்தா போயிருவ?”

அவன் சிரித்துவிட்டான். எழுந்து வந்து, அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். எப்போதும் அப்படித்தான். அவள் கோபப்பட்டால் அவனுக்குப் பொறுக்காது.

“சரி, ஒரு பேச்சு. என் போன்ல எப்பச் சிவப்பு வருதோ, அந்த நிமிஷமே நிறுத்திடறேன். குழலைத் தூக்கிக் குப்பையில போட்டுடறேன். அம்மா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணட்டுமா?”

“பண்ணு.”

“எதுக்குடா என் தலைய இழுக்கறே?” என்று கலாமணி விலகுவதற்குள் அவன் கையை வைத்துவிட்டான்.

வான்மதி அந்தச் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் முழுக்க நாற்பத்தொன்றின் பக்கத்திலேயே நின்றாள். ரகுபதி சார் சொன்ன சொல் தவறவில்லை. யாரும் அதைத் தொடவில்லை. செத்த படலத்தை வைத்துக்கொண்டு துருத்தி மட்டும் அவ்வப்போது அசைந்தது. அசையும்போதெல்லாம் அவள், இன்னும் ஒரு நாள், இன்னும் அரை நாள் என்று கணக்குப் பண்ணினாள். நூற்றுக்கு நாலு பேர் நிறுத்துகிறார்கள் என்றால், அந்த நாலில் ஒருவன் ஏன் அவள் தம்பியாக இருக்கக் கூடாது?

அன்னூர் மண்டபத்தில் ஒன்பது மணிக்கு மேல் பத்தரைக்குள் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம், நடுவே ஜமக்காளம். நிரஞ்சனின் செட்டு மொத்தமும் வந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு இளவட்டங்கள், ஆண்களும் பெண்களுமாக, ஒரே மாதிரி வெள்ளிக் குழல்களைச் சட்டைப்பையில் பேனா போலக் குத்தியிருந்தார்கள்.

“மச்சான், இன்னைக்கோட உன் சுதந்திரம் போச்சு.”

“இருந்தாத்தானடா போறதுக்கு.”

“நேத்ரா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. பின்னாடிக் கதவு திறந்துதான் இருக்குது.”

“நான் ஓடுனா உங்களுக்குச் சோறு கிடைக்காது, பரவாயில்லியா?” என்றாள் நேத்ரா. அரக்குப் பட்டு, துறுதுறு கண், வாயைத் திறந்தால் சிரிப்பு. வான்மதிக்கு அவளைப் பிடிக்கும்.

உப்பும் சர்க்கரையும் மாற்றினார்கள். வெற்றிலை மாற்றினார்கள். பெரியவர் ஒருவர், “அப்பறம் அந்தப் போனை வைக்கறதையும் வெச்சிருங்க சாமி, அதுதான இப்பத்தச் சம்பிரதாயம்,” என்றார். நேத்ராவின் போனைத் தாம்பாளத்தில் வைத்தார்கள். பச்சை. நிரஞ்சன் சட்டைப்பைக்குள் கையை விட்டுத் தன் போனை எடுத்துத் திரையைப் பார்க்காமலே பக்கத்தில் வைத்தான்.

சிவப்பு.

நாதஸ்வரக்காரருக்குக்கூடத் தெரிந்துவிட்டது போல, வாசிப்பு நின்றது. கலாமணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நிரஞ்சனின் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதை வான்மதி பார்த்தாள். இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த கல் புரண்டு விழுந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அவன் பயப்படுகிறான். கடவுளே, அவனுக்குப் பயப்படத் தெரிகிறது.

“சத்தியம் பண்ணியிருக்கறே,” என்றாள் மெதுவாக.

அவன் அவளைப் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து குழலை உருவித் தாம்பாளத்தில் வைத்தான். வைத்தே விட்டான்.

அப்போதுதான் சிவப்பு மறைந்து, திரையில் மத்தாப்பு மாதிரி பொறி பறந்தது. ஓர் எழுத்து வரிசை ஓடியது. பக்கத்திலிருந்த சிநேகிதன் அதை உரக்கப் படித்தான்.

“‘வாழ்த்துகள் நிரஞ்சன்! உங்களுக்காக எல்லாவற்றையும் தாங்கிக்கொண்ட உங்கள் முன்னோடி தன் கடமையை முடித்தது. புதிய முன்னோடி காத்திருக்கிறது. ஏற்கிறீர்களா?’”

பெண்ணின் தாய் பூங்கொடிதான் முதலில் சிரித்தாள்.

“அட, இதுக்குப் போயா எல்லாரும் வாயடைச்சு உக்காந்துட்டீங்க? ஏனுங் சம்பந்தி, கண்ணைத் தொடைங்க. எங்க நேத்ராவுக்கு இது மூணாவதுங்க.”

“அம்மா!” என்றாள் நேத்ரா.

“இருக்கட்டும் கண்ணு, ஒரே குடும்பமாயாச்சு. போன பொங்கல் லீவுல ஒருக்கா இப்படித்தான் சிவந்துச்சு. ஆயுத பூஜை லீவுல ஒருக்கா. அங்க மாத்தற ஆளுங்க லீவுல போயிட்டாச் சிவந்துருமாட்டிருக்குது. நாங்களும் மொதல்ல பயந்துட்டோம். ஒண்ணுமே இல்லீங்க. ஏத்துக்கறேன்னு ஒரு தட்டுத் தட்டுனாப் பச்சையாயிருது.”

“சூப்பர் மச்சான்!” என்று கத்தினான் ஒருவன். “ஒரு சட்டியவே முடிச்சுட்டியா? நானெல்லாம் இன்னும் மொதச் சட்டிலயே கிடக்கறேன்.”

கைதட்டினார்கள். நாதஸ்வரம் மறுபடி எழுந்தது.

“கொஞ்சம் இருங்க,” என்றாள் வான்மதி. யார் காதிலும் விழவில்லை. எழுந்து நின்றாள். “இருங்கன்னு சொல்றேன்! அது சிவந்துதுன்னா அவனுக்கு உள்ள ஏற்கெனவே சிவந்தாச்சு. நான் அங்கதான் வேலை பாக்கறேன். அவனை இன்னைக்கே ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும்.”

பூங்கொடியின் சிரிப்பு நின்றது. “அப்ப எங்க பொண்ணுக்கு ரெண்டு தடவை சிவந்துச்சே. அவளுக்கும் உள்ள கெட்டுப்போச்சுங்கறீங்களா?”

வான்மதி நேத்ராவைப் பார்த்தாள். நேத்ராவின் உதட்டில் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, எடுக்க மறந்த பொருள் போல.

“சபையில வெச்சு எம்புள்ளையச் சீக்காளிங்கறீங்களா அம்மிணி?”

“அவ அப்படிச் சொல்லலீங் சம்பந்தி,” என்று கலாமணி பாய்ந்து வந்தாள். வான்மதியின் கையை அழுத்திப் பிடித்தாள். நகம் பதிந்தது. “வேலை வேலைன்னு தூக்கமில்லாம இருக்கறா. ஏதோ ஒளறிட்டா. நிரஞ்சா, அதைத் தட்டிவிடுடா. நேரம் போகுது.”

நிரஞ்சன் அக்காவைப் பார்த்தான், நேத்ராவைப் பார்த்தான். தட்டினான்.

தாம்பாளத்தில் இரண்டு போனும் பச்சை.

“சத்தியம்டா,” என்றாள் வான்மதி.

“அதான் பச்சையாயிருச்சேக்கா,” என்றான். குரலில் கேலி இல்லை. தப்பித்து வந்தவனின் நிம்மதி இருந்தது. குழலை எடுத்துத் திரும்பவும் சட்டைப்பையில் குத்திக்கொண்டான்.

வான்மதியின் கைப்பைக்குள் போன் மணியடித்தது. அதே மணி நிரஞ்சனின் போனிலும் அடித்தது. சிநேகிதன் குனிந்து படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் கத்தினான்.

“‘புதிய மாதிரி எடுக்க, உங்களுக்கு அருகில் உள்ள ஊழியர்: வான்மதி. தூரம்: இரண்டு மீட்டர்.’”

மண்டபமே சிரித்தது. பூங்கொடியும் சிரித்தாள். கோபம் அதோடு போய்விட்டது. “பாருங்க, வீட்டுலயே ஆளிருக்குது. எங்களுக்கு ஆளு வர்றதுக்கே ரெண்டு நாளாகும்.”

குச்சியும் குழாயும் அடங்கிய சிறு பொட்டலம் எல்லா ஊழியர்களின் பையிலும் இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. கலாமணியே பையைத் திறந்து, துழாவி எடுத்து, பிரித்து, குச்சியை மகள் கையில் வைத்தாள். “பத்தரைக்குள்ள முடிச்சுரு கண்ணு. அம்மா சொன்னாக் கேளு. எல்லாரும் பாக்கறாங்க.”

நிரஞ்சன் அவள் முன்னால் வந்து மண்டியிட்டான். உயரமான பையன், அப்போதுதான் அவள் கைக்கு எட்டும். அண்ணாந்து வாயைத் திறந்தான். அவ்வளவு கிட்டத்தில் அவன் மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது. சுத்தமான மூச்சு. எந்த வாசமும் இல்லை.

“இன்னும் கொஞ்சம் திற,” என்றாள்.

கன்னத்துக்குள் குச்சியை விட்டு இரண்டு வழி வழித்தாள். கை நடுங்கவில்லை. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அவன் எழுந்து, கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காதபடி அவள் காதருகே சொன்னான். “கோச்சுக்காதக்கா. இத்தன வருஷம் நான் எதுக்கும் பயப்படாம இருந்தேன்னா, நீ அங்க இருக்கறேங்கற தைரியத்துலதான். இதையும் நீயே வெச்சுப் பாத்துக்க. வேற யாரு கையிலயும் குடுத்துராத.”

பிறகு நேத்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு சிநேகிதர்களோடு வெளி வராந்தாவுக்குப் போனான். பன்னிரண்டு பேர் சட்டைப்பையிலிருந்தும் குழல்கள் எழும்பின. யாரோ எதையோ சொல்ல, எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

வான்மதி குச்சியைக் குழாய்க்குள் இறக்கி மூடினாள். மூடி சரியாக விழுந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை திருகிப் பார்த்தாள்.